நுகத்தடியின் கீழும் ஓர் அமானிதம்



மாடு என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன நினைவு வருகிறது? ஹஜ்ஜுப் பெருநாளும் உழ்ஹிய்யாவும்தான். ஆனால் அல்லாஹ் அதை வேறொரு பணிக்காகவும் படைத்திருக்கிறான். தன்மீது ஏறிச் சென்றவனைத் திரும்பிப் பார்த்து, தான் சவாரிக்காக அல்ல, உழவுக்காகவே படைக்கப்பட்டதாக ஒரு மாடு பேசிய செய்தியை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் காண்கிறோம்.

குளிர்நாடுகளில் பனியிலும் குதிரை பூட்டிப் பண்ணை வேலை செய்வோர் உண்டு. யாழ்ப்பாணத்தில் குதிரையைக் காண நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும். அந்நியர் ஆட்சிக் காலத்தில் வந்த குதிரைகளின் சந்ததி அங்கே கட்டின்றி மேய்கிறது. குடாநாட்டு வயலில் நுகம் சுமந்தது எருதுதான்.

வற்றாத ஆறு ஓடாத மண் அது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையை நம்பியே நெல் விளைகிறது. ஈரம் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுதாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் மனிதனின் கை ஓங்குகிறது. இன்று பெரும்பாலும் உழவு இயந்திரமே உழுகிறது. ஆனால் 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் எரிபொருள் கிடைக்காதபோதும், 2022இல் நாடே டீசலுக்காக வரிசையில் நின்றபோதும், எருதின் அருமை மீண்டும் தெரிந்தது. ஆனால் எருதை நினைத்தவுடன் பூட்டிவிட முடியாது, பழக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது?

அனுபவசாலிகள் இளம் நாம்பனை நேரே கலப்பையில் பூட்டமாட்டார்கள். முதலில் மனிதரின் கைக்கும் குரலுக்கும் பழக்குவார்கள். பிறகு உழவு தெரிந்த மூத்த எருதோடு சோடி சேர்த்து, வெறும் நுகத்தோடு நடத்துவார்கள். அடுத்து ஒரு சிறு மரத்துண்டை இழுக்க விடுவார்கள். கலப்பை அதற்குப் பிறகுதான். அதுவும் காலைக் குளிர்ச்சியில் சிறிது நேரமே. இடப்பக்கம் பழகியதை இடப்பக்கமே பூட்டுவார்கள். மிரண்டால் அடிக்காமல், நிறுத்தித் தட்டிக்கொடுத்து மீண்டும் தொடங்குவார்கள். அடிபட்டுப் பழகிய மாடு மனிதனின் கையைக் கண்டாலே மிரளும்.

மாரியில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நனைந்த நுகம் உராய்ந்து கழுத்துத் தோல் புண்ணாகும். புண் ஆறும்வரை பூட்டக் கூடாது. சேற்றில் நின்ற குளம்பைக் கழுவித் துடைக்க வேண்டும். படுக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பெண்ணே முதல் ஆசிரியை

சகோதரிகளே, கொட்டிலில் வைக்கோலும் பனையோலையும் போட்டு, தவிடும் புண்ணாக்கும் கரைத்துத் தண்ணீர் காட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவள் குரலைக் கேட்டே கன்று மனிதரை நம்பக் கற்றுக்கொள்கிறது. ஏர் பூட்டுபவன் அந்த நம்பிக்கையின் மீதுதான் வேலை செய்கிறான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரட்டுத்தனமான ஒட்டகமொன்றில் ஏறி, அதை முன்னும் பின்னும் இழுத்தபோது, மென்மையைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (முஸ்லிம்). மற்றொரு நாள் ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் நபியவர்களைக் கண்டதும் ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தது. அதன் காதுகளின் பின்புறத்தைத் தடவி அமைதிப்படுத்திய நபியவர்கள், உரிமையாளரான இளைஞரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள் (அபூதாவூத்).

சற்றுச் சிந்தியுங்கள்! தொழுகையாளியின் கொட்டிலிலும் பசித்த மாடு நிற்கலாம். அது மனிதரிடம் முறையிடாது. அதைப் படைத்தவன் கேட்காமலும் விடமாட்டான்.

நம்மில் பலரிடம் எருது இல்லை. ஆனால் ஆடுண்டு, கோழியுண்டு, உழ்ஹிய்யாவுக்கு வாங்கி வந்து முற்றத்தில் கட்டும் மாடுண்டு. அந்தச் சில நாட்களில் அதற்கு முதலில் தண்ணீர் வைத்துவிட்டு நாம் சாப்பிட உட்கார்ந்தால், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். வாயில்லா ஜீவனிடம் பொறுமை பழகிய பிள்ளை, நாளை தன் மனைவி மக்களிடமும் கையை ஓங்கத் தயங்கும்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரிடத்தும் இரக்கம் காட்ட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.