ஆடு தொடாத இலை

இரவு மணி இரண்டு. ஊரே அடங்கிக் கிடக்கிறது. திடீரென்று, ‘லொக்... லொக்...’ குழந்தை இருமுகிறது! குழந்தையின் தகப்பனார் புரண்டு படுக்கிறார். (இந்தக் காரியத்தில் தகப்பனார்கள் மகா சமர்த்தர்கள்.) எழுந்திருக்கிறவர் யார்? நீங்கள்தான். அலமாரியில் போன மாதம் வாங்கிய இருமல் மருந்து பாதிப் பாட்டில் மிச்சமிருக்கிறது. கை தன்னால் அதை நோக்கிப் போகிறது.

சகோதரி, ஒரு நிமிஷம்! அந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முன் என்னோடு திண்டுக்கல் வரை வந்துவிட்டுப் போங்கள்.

திண்டுக்கல் என்றதும் பூட்டு ஞாபகம் வரும். பிரியாணி ஞாபகம் வரும். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன ஊரும் அதுதான். வேடிக்கையைப் பாருங்கள்: இருமலை வரவழைக்கும் சரக்குக்குப் பெயர் வாங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே, இருமலைத் தணிக்கும் மூலிகைகள் மலிந்த சிறுமலை நிற்கிறது! பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் உச்சி. அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுதான் இது என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள்.

ஆனால் நம் காரியத்துக்கு மலை ஏற வேண்டியதே இல்லை. கீழே, சமவெளியில், தோட்டத்து வேலியோரம் பார்த்தால் போதும். நீண்ட பச்சை இலைகளோடு ஆள் உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். அப்படியொரு கசப்பு! அந்தக் கசப்புக்குப் பயந்து ஆடு அதில் வாய் வைப்பதில்லை. ‘ஆடு தொடா இலை’ என்பதே ஆடாதோடை ஆயிற்று என்கிறார்கள். ஆடு தொடாததால்தான் அதை வேலிக்கு வைத்தார்கள். வேலியில் இருந்ததால்தான் பாட்டிமார் கைக்கு அது சுலபமாக எட்டியது.

இந்த இலையில் ‘வாசிசின்’ என்றொரு சத்து இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து, ஜெர்மன் மருந்துக் கம்பெனி ஒன்று 1960களில் ‘புரோம்ஹெக்சின்’ என்ற மருந்தைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. கெட்டிச் சளியை இளக்குவது அதன் வேலை. இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சளி மருந்துகள் பலவற்றில் அதுவோ, அதன் வாரிசான ‘ஆம்ப்ராக்சால்’ என்பதோதான் இருக்கிறது. ஆக, திண்டுக்கல் வேலி இலை சீமைக்குப் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

பெரியவர்களுக்கானால் நாலைந்து இலையைக் கிள்ளிப் போட்டு, இரண்டு மிளகு தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, தேன் கலந்து குடிப்பது வழக்கம். கசப்புக்கு அஞ்சுகிறவர்களுக்குச் சித்த வைத்தியத்தில் ஆடாதோடை மணப்பாகு இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இந்த இலைக்கு உண்டு. ஆட்டைப் போல அவர்களும் விலகியிருக்கட்டும்!

தூதுவளை இவ்வளவு முரடு இல்லை. வேலியில் படரும் முள்கொடி. முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்து ரசம் வைத்தால், மருந்து என்று சொல்லாமலே பரிமாறிவிடலாம். சோற்றோடு உள்ளே போய்விடும்.

அதெல்லாம் சரி, இவை ஜலதோஷத்தைக் குணப்படுத்துமா? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: குணப்படுத்தா. ஜலதோஷம் வைரஸால் வருவது. அதைக் கொல்ல ஆங்கில மருந்துக் கடையிலும் சரக்கு இல்லை, நாட்டு மருந்துக் கடையிலும் இல்லை. தானே வந்தது தானே போகும். இருமல் மட்டும் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட இழுத்தடிக்கும். அதுவரை தொண்டைக்கு இதம் வேண்டும், ராத்திரி தூக்கம் வேண்டும். அதற்குத் தேன் நல்ல துணை. அமெரிக்காவில் 2007-ல் குழந்தைகளின் இரவு இருமலைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியில், படுக்கப்போகுமுன் கொடுத்த ஒரு கரண்டித் தேன் நன்றாகவே பலன் தந்தது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடும். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து.

இப்போது அந்தப் பாதிப் பாட்டிலுக்கு வருவோம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாடா வட்டாரத்தில், இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்தபோது அதில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம்! இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று அந்த அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை எச்சரித்தது. அந்தத் தாய்மார்களும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர்கள்தானே?

அதற்காக எல்லா இருமலையும் வேலி இலையோடு விட்டுவிடாதீர்கள். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா எலும்பு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்க நேரமில்லை. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காச நோயா என்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆமாம், நீங்கள் பட்டணத்து மாடி வீட்டுக்காரர். வேலிக்கு எங்கே போவது? கற்பூரவல்லிக் கொம்பு ஒன்றைக் கேட்டு வாங்கித் தொட்டியில் நட்டு வையுங்கள். விதை வேண்டாம், வேர் வேண்டாம். ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். இலையை அனலில் வாட்டிப் பிழிந்தால் சாறு கிடைக்கும். அதில் தேன் கலந்து கொடுத்தால் ஓரளவு வளர்ந்த குழந்தைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடும். மிஞ்சின இலையைப் பஜ்ஜி போட்டுவிடலாம். அதற்குத் தகப்பனாரை எழுப்பக்கூட வேண்டியிருக்காது!