நத்தை மருந்தும் வளர்ப்பு நாயும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீட்டுத் தோட்டங்களில் மழைக்காலத்தே செடிகளைத் தின்றழிக்கும் பெருநத்தை இந்நாட்டிற்குரியதன்று; 1900ஆம் ஆண்டளவில் இங்கு வந்து சேர்ந்த ஆபிரிக்க இனமாகும். அதனைக் கொல்லப் பயன்படும் மெற்றல்டிகைட்டு உருண்டைகளிலே, நத்தையைக் கவரும்பொருட்டுத் தவிடு போன்ற தானியப்பொருள் கலக்கப்படுகின்றது. ஆதலின் நாயும் அவற்றை உணவென்றெண்ணி உண்கின்றது. சில மணி நேரத்துள் உடல் நடுங்கி, வலிப்புற்று, வெப்பம் மிகுந்து அது இறத்தலுங் கூடும்.

இந்நஞ்சிற்குத் தனி முறிமருந்து இல்லை. எனவே காலந் தாழ்த்தாது, மருந்துப் பொதியையுங் கொண்டு மிருக வைத்தியரிடம் விரைதல் வேண்டும். பெரிய பிரித்தானியா 2022இல் இதன் வெளிப்புறப் பாவனையையே தடைசெய்துவிட்டது. அந்தியில் கையுறையணிந்து நத்தைகளைப் பொறுக்கி உப்புநீரில் இடுதலே சாலச் சிறந்தது. வாயில்லாச் சீவனைக் காத்தல் வளர்ப்போர் கடன்.