மகளோடு நானும் படித்தேன்!

புரியாமல் தலையை ஆட்டினால் என்ன ஆகும் என்பதை நான் என் நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்து கொண்டேன்.

2023 செப்டம்பரில், என் கணவரின் வேலை காரணமாக ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிட்டில் போய்க் குடியேறினோம். எங்கள் பெண்ணை அங்கே ஓர் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்தோம். அந்த நாட்டில் 6 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. அரசுப் பள்ளியில் சம்பளம் கிடையாது. மாட்ரிட்டில் 2004-லிருந்தே பல அரசுப் பள்ளிகளில் அறிவியல் மாதிரி சில பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். எங்கள் வீட்டருகே இடம் கிடைத்த பள்ளி அந்த ரகமில்லை. காலை மணி அடித்ததிலிருந்து வீடு திரும்பும் வரை எல்லாம் ஸ்பானிஷ்தான்.

“குழந்தைதானே, மூணே மாசத்தில் கிளி மாதிரிப் பேசும்” என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் கிளி வாயையே திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் வந்த மதிப்பெண் தாளில் மொழிப் பாடத்தில் ‘போதாது’, கணக்கிலும் ‘போதாது’! ஊரில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மார்ச் மாதம் வகுப்பு ஆசிரியை என்னை வரச் சொன்னார். கணவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனேன். அந்த அம்மாள் மெதுவாக, அன்பாகத்தான் பேசினார். இடையில் ‘ரெபெதிர்’ என்ற வார்த்தை அடிக்கடி வந்தது. ஆங்கிலத்து ‘ரிபீட்’ மாதிரி இருக்கிறதே, வீட்டில் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடு என்கிறார் போலும் என்று எண்ணி, “ஸீ, ஸீ! முச்சோ ரெபெதிர்!” என்றேன். ஆமாம், ஆமாம், நிறைய ரெபெதிர்! அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து எதிர் வீட்டுப் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். பாட்டி தலையில் கை வைத்துக் கொண்டார். ஒரு காகிதத்தை எடுத்து ‘4’ என்று எழுதினார். அதிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டார். அம்பு 5-க்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி 4-க்கே வந்தது.

அப்போதுதான் உறைத்தது. குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். ஸ்பெயினில் ஆரம்பப் பள்ளிக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் நிறுத்தி வைக்கலாம். அதுவும் 2, 4, 6-ஆம் வகுப்பு முடிவில், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். முடிவு செய்பவர்கள் ஆசிரியர்கள். நானோ, ‘நிறைய நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

குளிர்பெட்டியில் ஒரு பள்ளிக்கூடம்

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கைபேசியில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கடைக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். ஆனால் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி ஒருவர் முகம் பார்த்துப் பேசும்போது, நாம் போனைப் பார்த்துக் கொண்டிருந்தால் அது பேச்சாகவா இருக்கும்?

மறுநாள் காலை, பெண்ணின் பாட அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். முழு ஸ்பானிஷ் மொழியையும் படிக்க நமக்கு ஆயுள் பத்தாது. அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கற்றால் போதும் என்று முடிவு செய்தேன். எதிர் வீட்டுப் பாட்டிதான் எனக்கு வாத்தியார். தட்சிணை, ஒரு டப்பா எலுமிச்சை சாதம்.

முதலில் பாடங்களின் பெயர்கள். பாடத்துக்கு ‘அசிக்னத்தூரா’ என்று பெயர். கணக்கு ‘மதெமாதிகாஸ்’, குழந்தைகள் செல்லமாக ‘மாதெஸ்’ என்பார்கள். மொழிப் பாடம் ‘லெங்குவா’. அந்தச் சொல்லுக்கு நாக்கு என்றும் பொருள் உண்டு! வரலாறு ‘இஸ்தோரியா’, இசை ‘மூசிகா’. ‘ப்ளாஸ்திகா’ என்று அட்டவணையில் பார்த்துவிட்டு நான் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அது ஓவியமும் கைவேலையும் சேர்ந்த வகுப்பாம். வீட்டுப் பாடத்துக்கு ‘தெபெரெஸ்’ என்று பெயர். கடமைகள் என்று அர்த்தம். எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

உச்சரிப்பு நம் நாக்குக்குச் சிரமமே இல்லை. ஆ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர் ஓசைகள்தான். நம்முடைய ‘ஞ’ அப்படியே இருக்கிறது. அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்வதே ‘எஸ்பாஞா’ என்றுதான். இடையின ‘ர’வுக்கும் அழுத்தி உருட்டும் ‘ற’வுக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்றால் நாய்!

நம் தமிழ் கைகொடுத்தது

எனக்குப் பெரிய ஆச்சரியம் அடுத்ததில்தான். ‘ஐ லைக் மியூசிக்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது மாதிரி ஸ்பானிஷில் வாக்கியம் அமைக்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப் போனேன். பாட்டி தலையாட்டி மறுத்துக் கொண்டே இருந்தார். கடைசியில் ‘மெ குஸ்தா லா மூசிகா’ என்று எழுதிக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். மெ - எனக்கு. குஸ்தா - பிடிக்கும். மூசிகா - இசை. எனக்குப் பிடிக்கும் இசை! அட, இது நம் தமிழல்லவா!

நாம் ‘நான் பிடிக்கிறேன்’ என்றா சொல்கிறோம்? எனக்குப் பிடிக்கும் என்கிறோம். அவர்களும் அப்படியே. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அதே அச்சு: ‘மெ துயெலெ லா கபேஸா’. கபேஸா என்றால் தலை. மாட்ரிட்காரர்கள் அந்த ‘ஸ’வை நாக்கு நுனியைப் பல்லில் வைத்துத் ‘த’ மாதிரிச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் தூக்கி அடித்தது இன்னொரு வாக்கியம். ‘செ மெ தான் பியென் லாஸ் மாதெஸ்’. அர்த்தம், ‘எனக்குக் கணக்கு நல்லா வரும்’. நான் கணக்கில் கெட்டிக்காரி என்று பீற்றிக் கொள்ளாமல், கணக்கு எனக்கு வரும் என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். சிரமமான பாடத்துக்கு ‘மெ குவெஸ்தா’ என்பார்கள். ‘குவெஸ்தா’ என்றால் விலையாகிறது என்றும் பொருள். நமக்குச் சிரமமாக இருப்பது நம்மிடமிருந்து விலை வாங்குகிறது!

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இசை ஒருமை, அதனால் ‘குஸ்தா’. கணக்கை அவர்கள் பன்மையாகச் சொல்வதால் ‘குஸ்தான்’. பெரும்பாலான பாடங்கள் பெண்பால். ஆங்கிலம், ஸ்பானிஷ் போன்ற மொழிகளின் பெயர்கள் ஆண்பால்.

அசடு வழிந்த கதைகள்

ஆங்கிலம் தெரிந்தால் ஸ்பானிஷ் சுலபம் என்பார்கள். பாதி உண்மை, மீதி படுகுழி.

‘கொலேஹியோ’ என்றால் காலேஜ் இல்லை, பள்ளிக்கூடம். ‘கார்பெதா’ கார்ப்பெட் இல்லை, காகிதங்கள் வைக்கும் கோப்பு உறை. ‘லிப்ரெரீயா’ நூலகம் இல்லை, புத்தகக் கடை. ‘சுஸ்பென்ஸோ’ என்றால் பள்ளியிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். தேறவில்லை என்றுதான் பொருள்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து போன். பெண் ‘கொன்ஸ்திபாதா’வாக இருக்கிறாள், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். மலச்சிக்கல் என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டு போன திரிபலா சூரணத்தை வெந்நீரில் கலக்கி நீட்டினேன். “மூக்குத்தானேம்மா ஒழுகுது, இது எதுக்கு?” என்று அழுதாள். ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்கு ஜலதோஷம் என்று அர்த்தம்! வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்கள் உடம்பு சம்பந்தப்பட்ட சொற்களை ஊகித்து மருந்து கொடுக்கவே கூடாது என்று அன்றைக்குப் பாடம் கற்றேன்.

இன்னொன்று. என் பெண்ணுக்கு வகுப்பில் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல, ‘மி இஹா எஸ் அபுர்ரிதா’ என்றேன். ‘என் மகள் ஒரு அறுவை’ என்று ஆகிவிட்டது! இயல்பைச் சொல்ல ‘எஸ்’. இப்போதைய நிலையைச் சொல்ல ‘எஸ்தா’. ‘எஸ்தா அபுர்ரிதா’ என்றால்தான் சலிப்பாக இருக்கிறாள் என்று பொருள்.

ஒன்றா, ஏழா?

மொழி சரி, கணக்கில் ஏன் இப்படி? ஒரு சாயங்காலம் பாட்டி என் பெண்ணின் கணக்கு நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தார். சட்டென்று விரலை வைத்து, “இது 1-ஆ, 7-ஆ?” என்று கேட்டார். 7 என்றாள் பெண்.

அங்கேதான் சூட்சுமம். நாம் 1 எழுத ஒரு நேர்கோடு போடுவோம். அவர்கள் மேலே நீளமாக ஒரு மூக்கு வைப்பார்கள். 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். குறுக்குக் கோடில்லாத நம் 7 அவர்கள் கண்ணுக்கு 1 மாதிரித் தெரிகிறது! நாம் 2.5 என்று புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் 2,5 என்று காற்புள்ளி வைக்கிறார்கள். வகுத்தலில், வகுக்கும் எண்ணை நாம் இடது பக்கம் எழுதுவோம். அவர்கள் வலது பக்கம் நம் ‘ட’ எழுத்து மாதிரிக் கோடு போட்டு, அதற்குள் எழுதுகிறார்கள். ஈவு அதற்குக் கீழே. என் பெண்ணுக்குக் கணக்கு வராமல் இல்லை. அவள் கணக்கு அவர்களுக்குப் புரியவில்லை. அதை எடுத்துச் சொல்ல அவளுக்கும் வாய் இல்லை, எனக்கும் வாய் இல்லை.

மூன்றே மூன்று வாக்கியம்

ஏப்ரல் கடைசியில் நானே நேரம் கேட்டு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை கணவர் வருகிறேன் என்றார். “வேண்டாம், நானே பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் உருப்போட்ட மூன்று வாக்கியங்கள் கையில் இருந்தன.

“என் மகளுக்குக் கணக்கு நல்லா வரும். அவளுக்கு எல்லாம் புரிகிறது. பேசுவதுதான் சிரமமாக இருக்கிறது.”

ஸ்பானிஷில் சொல்லி முடித்ததும் நோட்டைப் பிரித்து 1-ஐயும் 7-ஐயும் காட்டினேன். பழைய விடைத்தாளில் எங்கெங்கே 7-ஐ 1 என்று படித்திருந்தார்கள் என்று வட்டம் போட்டுக் கொண்டு போயிருந்தேன். கை நடுங்கியது. ஆசிரியை நோட்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, “போக்கோ அ போக்கோ” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக!

அடுத்த வாரம் அவர் செய்த காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். என் பெண்ணைக் கரும்பலகைக்கு அழைத்து, இந்தியாவில் எப்படி வகுப்பீர்கள் என்று செய்து காட்டச் சொன்னாராம். அவள் கணக்கைப் போட்டுவிட்டு, “என் லா இந்தியா செ ஆதெ அஸீ” என்றாளாம். இந்தியாவில் இப்படித்தான் செய்வார்கள். ஏழு மாதத்தில் வகுப்பில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். வீட்டுக்கு வந்து அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஜூனில் வந்த தாளில் மொழிப் பாடம் ‘போதுமானது’; கணக்கு ‘நொதாப்லெ’, அதாவது மிக நன்று. ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

வீட்டில் நீங்களும் செய்யலாம்

ஸ்பானிஷ் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படிக்க, நாம் தமிழில் படித்தவர்களாக இருந்தாலும் இதே கதைதான். எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

1. பாட அட்டவணையைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அன்றன்றைய பாடத்தின் பெயரையும், அதில் வரும் இரண்டு மூன்று சொற்களையும் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக் கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதில் அதுகளுக்கு அலாதிப் பெருமை.

2. “ஸ்கூல்ல என்ன நடந்தது?” என்றால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “இன்னிக்கு அறிவியல்ல எது பிடிச்சுது? எது கஷ்டமா இருந்தது?” என்று கேளுங்கள்.

3. மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டும் முன்னால் நோட்டைப் பாருங்கள். தப்பு பாடத்திலா, எழுதும் முறையிலா என்று தெரியும்.

4. ஆசிரியரைப் பார்க்கப் போகும் முன், சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்பதில் வெட்கமே இல்லை.

ஸ்பானிஷில் அழகான ஒரு தொடர் உண்டு: ‘அசிக்னத்தூரா பெந்தியெந்தெ’. தேறாமல் பாக்கி நிற்கும் பாடம். வாழ்க்கையில் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டதையும் அப்படியே சொல்கிறார்கள். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணமாகி வந்தவள் நான். புத்தகத்தை மூடியதோடு அந்தக் கணக்கு முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

இப்போது வாரம் இரண்டு நாள், பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். குளிர்பெட்டிக் கதவில் இரண்டு அட்டவணைகள் தொங்குகின்றன. ஒன்று மகளுடையது, இன்னொன்று என்னுடையது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா?

“அம்மா, இன்னிக்கு உனக்கு எந்தப் பாடம் பிடிச்சுது?”