நம் மேற்கு மலையும் அதன் பறவைகளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

விருதுநகர் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருபவை பட்டாசும் தீப்பெட்டியும் வெயிலும்தாம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வானம் தெளிந்த காலைகளில் மேற்கே நீலச் சுவர்போல் நிற்கும் மலையை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், வனத்துறையின் நிலப்பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று எங்கள் துறையில் அறிவித்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். இருபது ஆண்டுகளாகத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் என் அம்மா சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஏ தாயி, குருவியப் பாத்தா வேல குடுப்பாகளா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

மழையை மறித்த மலை

நாம் பார்க்கும் அந்த மலை, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கென ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதனையும் மேகமலை சரணாலயத்தையும் இணைத்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழகத்தின் ஐந்தாவது, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் இது. மேற்கே கேரளத்தின் பெரியாறு காப்பகம் இதை ஒட்டியிருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை இம்மலைத் தொடர் மேற்குச் சரிவிலும் முடியிலும் வாங்கிக்கொள்கிறது. நம் பக்கம் இறங்குவது உலர்ந்த காற்றே. இதைத்தான் மழை மறைவுப் பிரதேசம் என்று புவியியலில் படிக்கிறோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த வெயிலே துணை நின்றது. ஆக, எங்கள் வீட்டு அடுப்பு எரிவதிலும் அம்மலைக்குப் பங்குண்டு.

ஏற ஏற மாறும் உலகம்

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். நம் மலையின் உச்சிகள் சுமார் இரண்டாயிரம் மீட்டரை எட்டுகின்றன. ஆகவே அடிவாரத்திலிருந்து முடிவரை காடு படிப்படியாக மாறுகிறது. காட்டோடு பறவையும் மாறுகிறது.

முதற்படி முட்புதர்க் காடு. கௌதாரி, மயில், பனங்காடை ஆகியவை இங்கே உண்டு. அடுத்த படி செண்பகத்தோப்பு போன்ற ஓடைக்கரைக் காடு. எங்கள் குழு கணக்கெடுத்தது இங்கேதான். விடியற்காலையில் புறப்பட்டு, பேசாமல், மெல்ல நடந்து, கண்ட பறவை, எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் பத்துக் குரல் கேட்டால் ஒன்பதுக்குப் பார்க்காமலே பெயர் சொன்னார். இரவல் தொலைநோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நான் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்! "மொதல்ல காதால பாரும்மா" என்றார். அன்று நான் கற்ற முதல் பாடம் அது.

அங்கேதான் ஆறுமணிக்குருவியைக் கண்டேன். பச்சை முதுகு, குட்டை வால், வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. அந்தியில் ஆறு மணி வாக்கில் கூவுவதால் இப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இப்பறவை குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது.

மூன்றாம் படியான பசுமைமாறாக் காட்டை, பின்னர் துறைச் சுற்றுலாவாகச் சின்னமனூர் வழியே மேகமலை சென்றபோது பார்த்தோம். ரயில் இஞ்சின் மூச்சு விடுவதுபோல் ஓர் ஓசை கேட்டது. இம்மலையில் ஏது ரயில் என்று விழித்தேன். அது பெரிய இருவாச்சியின் சிறகொலி! பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும். முட்டை பொரித்துக் குஞ்சு வளரும்வரை ஆண் பறவை அதன்வழியே பழம் ஊட்டும். தின்ற பழத்தின் விதைகளைக் காடெங்கும் தூவுவதால் அது காட்டை வளர்க்கும் உழவன் எனலாம்.

வானத்தில் மிதக்கும் தீவுகள்

நான்காம் படியே வியப்புக்குரியது. உச்சிப் பள்ளங்களில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. இங்கே பழனிச் சிரிப்பான் என்ற பறவை வாழ்கிறது. கூட்டமாகச் சிரிப்பதுபோல் குரல் எழுப்பும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது வேறு இனம். அச்சன்கோவில் பள்ளத்துக்குத் தெற்கே இருப்பது மற்றோர் இனம். காரணம் என்ன? குளிர்ந்த உச்சியில் வாழப் பழகிய பறவைக்குக் கீழேயுள்ள வெப்பமான சமவெளி ஒரு கடல். பாலக்காட்டில் அக்கடலின் அகலம் சுமார் முப்பது கிலோமீட்டர்! அதைக் கடக்காமல் நெடுங்காலம் தனித்து வாழ்ந்ததால் ஒவ்வொரு மலையிலும் ஒவ்வோர் இனமாகப் பிரிந்துவிட்டன. 2017ஆம் ஆண்டு அறிவியலாளர் மரபணுவை ஆராய்ந்து, இச்சிரிப்பான்களையும், சோலையின் நிழலில் ஒளிந்து வாழும் சோலைக்கிளி எனும் சிறு பறவைகளையும் (பெயர்தான் கிளி!) உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு புதிய பேரினங்களாக அறிவித்தார்கள்.

புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயர் அப்படி எண்ணித்தான் நீலகிரியிலும் பழனி மலையிலும் யூக்கலிப்டசும் சீகை மரமும் நட்டார்கள். நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகள் இடம் இழந்தன. புல்லும் சோலையும் சேர்ந்தே மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. வைகை பிறப்பதும், பிளவக்கல் அணைகளுக்கு நீர் வருவதும் இம்மலைகளிலிருந்தே. மழையை மறித்த மலைதான் நமக்குத் தண்ணீரும் தருகிறது.

பட்டாசும் பறவையும்

சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்குள் ஒரு குழப்பம். எல்லா ஊரும் அப்படிச் செய்தால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உலை கொதிக்காது. பறவையா, பிழைப்பா என்று கேட்டால் தீயோடு பிழைக்கும் எங்களால் எளிதில் விடை கூற இயலாது. ஆனால் பறவைகள் கூடு கட்டும் கண்மாய்க் கரையிலும் காட்டோரத்திலும் மட்டுமாவது வெடிக்காமலிருந்தால் தொழில் அழிந்துவிடாது என்றே தோன்றுகிறது.

அம்மாவின் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இல்லை. ஆனால் ஐப்பசியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், முகம்கூடக் கழுவாமல், "ஏ தாயி, ஆபீஸ் வேப்பமரத்தடியில ஒரு குருவி தத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சு. முதுகு பச்ச, வாலு மொட்ட, அடியில செவப்பு. கண்ணுல மை இழுத்தாப்புல இருந்துச்சு" என்றார். ஆறுமணிக்குருவி! வடக்கேயிருந்து வந்த களைப்பில் எங்கள் ஊரில் இறங்கியிருக்கிறது. அன்று குறிப்பேட்டில் நாளும் இடமும் எழுதி, 'கண்டவர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

நண்பர்களே, பறவை பார்க்கப் பணம் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு குறிப்பேடும் விடியற்காலையும் போதும். வரும் மார்ச்சில் கணக்கெடுப்புக்கு அறிவிப்பு வரும்போது உங்கள் பெயரையும் கொடுங்கள். அதுவரை, நம் கல்லூரி மாடியில் நின்று மேற்கே ஒருமுறை பாருங்கள்.