பதினேழு வருட மௌனத்துக்குப் பின்

இழந்த இளமையைத் திரும்பக் கேட்காமல் தன் வயதையே இசையாக்கியது இண்டஸ் க்ரீட் குழு

கலைந்துபோன குழு மீண்டும் சேர்கிறது என்ற செய்தி ரசிகனுக்கு மகிழ்ச்சியோடு ஒரு பயத்தையும் கொண்டுவரும். குரல் இறங்கிய வயதில் பழைய பாட்டுகளையே மறுபடி விற்க வருகிறார்களோ? மும்பையின் இண்டஸ் க்ரீட் 2010இல் மீண்டும் ஒன்றுகூடியபோது அப்படிப் பயப்பட நியாயம் இருந்தது. அதன் கடைசி ஆல்பம் வந்தது 1995இல். குழு கலைந்தது 1997இல். ஆனால் 2012இல் வெளிவந்த ‘இவால்வ்’ அந்தப் பயத்தைப் பொய்யாக்கியது.

இந்தக் குழு 1984இல் ‘ராக் மெஷின்’ என்ற பெயரில் பிறந்தது. மேல்நாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பவரே நல்ல கலைஞர் என்று கருதப்பட்ட காலம் அது. அப்போதே சொந்தப் பாடல்களை நம்பி மேடையேறிய முன்னோடிகள் இவர்கள். 1988இல் ‘ராக் அண்ட் ரோல் ரெனகேட்’, 1990இல் ‘தி செகண்ட் கமிங்’ என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. கறாராகப் பார்த்தால் இது ஹார்ட் ராக். ஹெவி மெட்டல் அல்ல. ஆனால் பிளாக் சபாத்தையும் அயர்ன் மெய்டனையும் கேசட்டில் பதிவு செய்து கைமாற்றிக்கொண்ட அன்றைய மாணவர்கள் அந்த வேலியைப் பெரிதாக மதிக்கவில்லை. கித்தார் உறுமினால் போதும், அது அவர்களுடைய இசை.

அந்தக் கூட்டத்தின் கோயில் மும்பையின் ரங் பவன் திறந்தவெளி அரங்கு. 1986இல் தொடங்கிய ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா அங்கேதான் வேரூன்றியது. புனேயிலிருந்து மலைத்தொடரைக் கடந்து ரயிலில் வந்து சேரும் மாணவர்களும் உண்டு. முளா நதிக்கரையில் இருக்கும் ஔந்த் அன்று புனே நகரின் ஓரத்துப் பகுதி. இன்றோ ஹிஞ்ஜவடியின் கணிப்பொறி நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் உட்படப் பல மாநிலத்தவர் குடியிருக்கும் இடம். அங்கே ஐம்பதைத் தாண்டிவிட்ட ராக் ரசிகர்களுக்கு இண்டஸ் க்ரீட் என்பது கல்லூரிக் காலத்தின் மறுபெயர்.

தொண்ணூறுகளில் குழு பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயரில் சிந்து நதி வந்து சேர்ந்தது. ‘ப்ரெட்டி சைல்ட்’ பாடலின் வீடியோ 1993இல் எம்.டி.வி.யின் ஆசிய நேயர் விருதை வென்றது. ஆனால் அதே தொலைக்காட்சி அலைவரிசைகள் விரைவிலேயே இந்திப் பாப் பக்கமும் சினிமாப் பக்கமும் சாய்ந்தன. ஆங்கிலத்தில் பாடும் இந்தியக் குழுவுக்கு விருது கிடைத்தது; சந்தை கிடைக்கவில்லை. பாடகர் உதய் பெனகல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

‘இவால்வ்’ ஆல்பத்தில் எட்டே பாடல்கள். ‘ப்ரெட்டி சைல்ட்’டின் புதிய பதிப்பு எதுவும் அதில் இல்லை. பெனகல், கித்தார் கலைஞர் மகேஷ் தினைகர், கீபோர்டு வாசிக்கும் ஜுபின் பாலபோரியா ஆகிய மூவரும் திரும்பி வந்தார்கள். பேஸ் கித்தாருக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ராவ் கவி என்று அடுத்த தலைமுறையினர் சேர்ந்தார்கள். இந்தச் சேர்க்கைதான் ஆல்பத்தின் பலம். பழையவர்களின் ராகவாசனை அப்படியே இருக்க, அடியில் ஓடும் தாளம் மட்டும் இளமையானது. பெர்ல் ஜாமின் ‘டென்’ ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்த டிம் பாமரே இதற்கும் செய்தார்.

‘ஃபயர்ஃப்ளைஸ்’, ‘டிஸ்ஸால்வ்’ போன்ற பாடல்களில் எடுத்த எடுப்பில் கோரஸைப் பிடிக்கும் அவசரம் இல்லை. கித்தாரும் கீபோர்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நகர்கின்றன. வயதான வித்வான் மேல்ஸ்தாயியைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஒரே ஸ்வரத்தில் நின்று நிதானமாக ராகத்தைக் காட்டுவாரே, பெனகலின் குரலிலும் அந்த நிதானம் இருக்கிறது. கூடிக் குதிக்கப் பாட்டு தேடுபவர்களுக்கு முதல் முறை கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பிடி கிடைக்கும்.

எதிர்த்திசையில் போய் வென்றவர்களும் உண்டு. ஓஸி ஆஸ்போர்ன் 1978க்குப் பிறகு பிளாக் சபாத்துடன் பாடிய ஆல்பம், 2013இல் வந்த ‘13’. கித்தார் கலைஞர் டோனி ஐயோமி புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே வாசித்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை 1970இன் முதல் ஆல்பத்துக்கே திருப்பி அழைத்துப் போனார். பிரிட்டனில் சுமார் 43 வருடங்களுக்குப் பின் முதலிடம் கிடைத்தது. 2025 ஜூலையில் பர்மிங்ஹாமில் கடைசியாகப் பாடிவிட்டு, அதே மாதம் ஆஸ்போர்ன் மறைந்தார்.

சபாத் உலகம் கொண்டாடும் பழமைக்குச் சொந்தக்காரர்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. இண்டஸ் க்ரீட் விட்டுப்போன வீடு இடிந்துவிட்டிருந்தது. ரங் பவனில் கூச்சல் தடை செய்யப்பட்டு ராக் ஓய்ந்திருந்தது. கேசட் கடைகள் மூடப்பட்டிருந்தன. மறுபுறம், குழு மீண்டும் சேர்ந்த அதே 2010இல்தான் புனேயின் கோரேகாவ் பார்க்கில் ‘என்.எச்.7 வீக்கெண்டர்’ விழா தொடங்கியது. சொந்தப் பாட்டு பாடும் இளம் குழுக்களுக்கு அங்கே மேடையும் கூட்டமும் இருந்தன. எண்பதுகளில் இவர்கள் தனியாக நின்று கேட்டது அதைத்தான்.