பின்னல் குறிப்பைப் புரிந்துகொள்வோம்

கம்பளி நூலில் மப்ளர் பின்னத் தெரிந்த நம்மில் பலர், ஸ்வெட்டர் என்றதும் பின்வாங்கிவிடுகிறோம். கை பழகாததால் அன்று; குறிப்புப் புத்தகத்தின் மொழி புரியாததால்தான். மப்ளர் நேராகவே போகும். ஸ்வெட்டருக்கோ அக்குளும் கழுத்தும் தோளும் உண்டு. அவற்றிற்கேற்பக் கண்ணிகளைக் குறைப்பதைத்தான் குறிப்பு சுருக்கமாகச் சொல்கிறது.

தம்பிக்குக் கையில்லாத ஸ்வெட்டர் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். அவன் மார்பளவு 60 செ.மீ. முதுகுப்புறத்திற்கு 72 கண்ணிகள் போடச் சொல்கிறது குறிப்பு. அதற்கு முன்னே ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை! 10 செ.மீ. அகலத்திற்கு 22 கண்ணிகள் என்பதே அது. அக்கணக்கில் முன்னும் பின்னும் சேர்ந்து 65 செ.மீ. வரும், தம்பி தாராளமாக மூச்சு விடலாம். நம் கை இறுகி, அதே அகலத்தில் 24 கண்ணிகள் விழுந்தாலோ சுற்றளவு 60 தான். சட்டைமேல் ஏறாது. ஆகவே முதலில் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று பின்னி, அதன் நடுவில் அளந்து பார்ப்பது நல்லது. கண்ணி மிகுந்தால் சற்றுப் பருத்த ஊசி வேண்டும். ஊசி வாங்கும்போது மில்லிமீட்டரையே கேட்போம். பழைய ஆங்கில முறையில் 8ஆம் எண் 4 மி.மீ.; அமெரிக்க முறையில் அதுவே 5 மி.மீ.

இனி அக்குள். "அடுத்த 2 வரிசைகளின் தொடக்கத்தில் 4 கண்ணிகளை மூடவும். பின், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் இரு முனைகளிலும் 1 கண்ணி குறைத்து, 54 ஆகும்வரை பின்னவும்." ஒரே வரிசையில் இரு பக்கமும் மூடினால் என்ன? வரிசை முடிவில் மூடினால் நூல் அந்த ஓரத்திலேயே நின்றுவிடும். அடுத்த வரிசையைத் தொடர முடியாது. அதனால்தான் 2 வரிசைகள். இப்போது பென்சிலை எடுப்போம். 72இல் 8 போக 64. அது 54 ஆக 10 குறைய வேண்டும். ஒரு தடவைக்கு 2 வீதம் 5 தடவை. இடையில் வரும் சாதா வரிசைகளையும் சேர்த்தால் 9 வரிசைகள். மிரட்டிய வாக்கியம் இவ்வளவுதான்!

முன்புறத்தில் நம்மைத் திணறடிப்பது "அதே வேளையில்" என்னும் சொல். 'வி' கழுத்துக்காக 64 கண்ணிகளும் 32, 32 எனப் பிரியும். ஒரு பாதியில் அக்குளோரம் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 5 தடவையும், கழுத்தோரம் 4 வரிசைக்கு ஒருமுறை 12 தடவையும் குறைக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவதன்று; இரண்டும் ஒருங்கே நடக்கும். தாளில் இரண்டு பத்திகள் போட்டு, குறைத்ததும் கோடிட்டு வருவதே வழி. 32இல் 17 போனால் தோளுக்கு 15 மிஞ்சும். முதுகின் 54இல் கழுத்துக்கு 24 ஒதுக்கினால் ஒவ்வொரு தோளுக்கும் அதே 15 தான். இவ்விரண்டும் ஒத்துவந்தால் நம் கணக்கு சரி.

மறுபாதிக்கு, "வடிவத்தை மாற்றிப் பின்னவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இது சற்றுச் சோம்பேறித்தனம்தான். முடித்த பாதியைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி மற்றது அமைய வேண்டும். முதற்பாதியில் வரிசையின் தொடக்கத்தில் குறைத்ததை இங்கே முடிவில் குறைப்போம். வரிசைகளின் எண்ணிக்கை மட்டும் மாறாது. தோளை மூடுமுன் இரு பாதிகளையும் மேசைமேல் அருகருகே பரப்பி, வரிசைகளை ஒருமுறை எண்ணிக்கொண்டால் தைக்கும்போது இழுபறி இராது.