கான்ட்ராக்டர்களுக்கு எதற்கு ஒரு சங்கம்?

சிவில் படிக்கும் நம்மில் பலர் டிப்ளமோவைக் கையில் வாங்கியதும் முதலில் போய் நிற்கப் போவது ஏதாவது ஒரு கான்ட்ராக்டரின் சைட்டில்தான். சிலர் பிற்பாடு சொந்தமாகவே டெண்டர் போடுவோம். எஸ்டிமேட் போடவும், லெவல் எடுக்கவும், எம்-புக் எழுதவும் வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். ஆனால் ஊர் ஊருக்கு "கட்டுநர் சங்கம்" என்று போர்டு தொங்குகிறதே, அது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் தாய்மாமா ஒரு சின்ன கான்ட்ராக்டர். 2021-ல் ஓர் அரசு வேலை எடுத்தார். டெண்டர் போட்ட அன்றைக்கு இருந்த கம்பி விலை, சென்ட்ரிங் அடிக்கும்போது இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால், "ஒப்பந்தத்தில் விலை உயர்வுப் பிரிவு இல்லையே, நாங்கள் என்ன செய்ய?" என்று கையை விரித்துவிட்டார்கள். வேலையைப் பாதியில் விட்டால் வைப்புத் தொகை போய்விடும். கடைசியில் அத்தையின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்ச ரூபாய் வேலை, லாபம் 10 சதவீதம், அதாவது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 டன் கம்பி. கிலோவுக்கு 15 ரூபாய் ஏறினால் ஒன்றரை லட்சம் காலி. மிச்சம் 50 ஆயிரத்தில், பில் பாஸாகத் தாமதமானால் வட்டிக்கே சரியாகிவிடும். நீண்ட கால வேலைகளில் விலை மாறினால் ஈடுகட்டும் பிரிவு இருக்கும். குறுகிய கால வேலைகளில் பெரும்பாலும் இருக்காது. அந்த மாதிரி வேலைகளை எடுப்பவர்களோ சின்ன ஆட்கள்தான்.

இங்கேதான் சங்கம் வருகிறது. தனி ஆள் ஒருவர் போய் நிபந்தனையை மாற்றச் சொன்னால், "இஷ்டமில்லைன்னா டெண்டர் போடாதே" என்பார்கள். ஒரு வட்டாரத்தின் கான்ட்ராக்டர்கள் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்தால் உட்கார்ந்து பேசியாக வேண்டும். விலை விகிதப் பட்டியலைச் சந்தை விலைக்குத் தக்கபடி திருத்தச் சொல்வது, தேங்கிக் கிடக்கும் பில்களைக் கேட்டு வாங்குவது, புதுச் சட்டங்களை உறுப்பினர்களுக்குப் புரிய வைப்பது எல்லாம் இப்படிப்பட்ட சங்கங்களின் அன்றாட வேலை.

நம் நாட்டில் இவற்றில் பழமையானது, 1941-ல் தொடங்கிய அகில இந்தியக் கட்டுநர் சங்கம். தலைமையகம் மும்பை. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் மையங்கள் உண்டு. உள்ளூர்ப் பிரச்சினையை உள்ளூர் மையம் கவனிக்கும். நாடு முழுவதற்கும் பொதுவானது மேலே போகும்.

மேலே போன இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, வரி. கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம், அதில் சேரும் பொருளைத் தனியே விற்றதாகச் சொல்லி விற்பனை வரி போட முடியாது என்று 1958-ல், சென்னை மாநில அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982-ல் 46-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து அந்த நிலையை மாற்றியது. சங்கம் வழக்குப் போட்டது. 1989-ல் தீர்ப்பு வந்தது: திருத்தம் செல்லும், ஆனால் விற்பனை வரிக்கு அரசியல் சட்டம் விதித்த வரம்புகள் இந்த வரிக்கும் பொருந்தும். பாதி தோல்வி, பாதி வெற்றி!

இரண்டாவது, சிமெண்ட். கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுகின்றன என்று 2010-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் சங்கம் புகார் கொடுத்தது. 2012-ல் ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு ரூ. 6,300 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. 2015-ல் அந்த உத்தரவு ரத்தானது. மறுபடி விசாரித்து 2016-ல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவு நீண்ட வழக்கை என் மாமா தனியாக நடத்தியிருக்க முடியுமா?

நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனிகள் கூடி விலை பேசுவது தப்பு என்றால், கான்ட்ராக்டர்கள் கூடி "இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு" என்று பங்கு போட்டுக்கொள்வதும் அதே தப்புதான். சிண்டிகேட் என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் இரண்டையும் தடை செய்கிறது. அதேபோல, கட்டடத் தொழிலாளர் நலனுக்காகச் சட்டப்படி கட்ட வேண்டிய 1 சதவீத நல நிதியை வெறும் செலவாகப் பார்க்காமல், சித்தாளும் மேஸ்திரியும் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் நல்ல சங்கத்தின் கடமை. தனக்கு நியாயம் கேட்பவன் தன்கீழ் வேலை செய்பவனுக்கும் நியாயம் செய்யணும் அல்லவா?

மாமா அடுத்த வருஷமே தன் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்தார். போன பணம் திரும்பவில்லை. ஆனால் அடுத்த டெண்டருக்கு முன்பு, சங்கத்தில் மூத்தவர் ஒருவர் ஒப்பந்தப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். "இந்த ரேட்டுக்கு இந்த நிபந்தனையோட எடுக்காதே தம்பி" என்றார். மாமா எடுக்கவில்லை. அத்தையின் வளையல் இந்த முறை கையிலேயே இருந்தது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நாளைக்கு நாமும் அந்த வடத்தைப் பிடிக்கப் போகிறவர்கள். எஸ்டிமேட்டோடு ஒப்பந்த நிபந்தனைகளையும் இன்றைக்கே படிக்கத் தொடங்குவோம்!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்